மாப்பிள்ளையின் ஏழு நிமிடம்

மணி இரண்டு நாற்பது ஆனதும் சோப்புத்தூள் ஆலையின் நீளமான பெல்ட் இன்றைக்கும் நின்றது. யாரும் நிறுத்தவில்லை. தானாக நின்றது.

கண்ணாடிச் சுவர் வைத்த கன்ட்ரோல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடமாக அந்த அறையின் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஆலையை ஓட்டியவர் என்பதால் எல்லோரும் அவரைப் போர்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பதினோரு நாளைக்கு முன்பு அந்த வேலை அவர் கையை விட்டுப் போய்விட்டது. இப்போது ஆலையை ஓட்டுவது மூலையில் பீரோ மாதிரி நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கு வியர்க்கக்கூடாது என்று தனி ஏசி, தூசி படக்கூடாது என்று தனிக் கண்ணாடிக் கூண்டு, அதன் பக்கத்தில் உரக்கப் பேசவே தயங்கும் ஒரு மேனேஜர். இத்தனை உபசாரத்தையும் பார்த்துவிட்டு, தொழிலாளர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பதினோரு நாளா இதே கூத்து," என்றார் மேனேஜர். "ரெண்டு நாப்பதுக்கு பெல்ட்டை நிறுத்துது. டிரையர் சூட்டைக் குறைக்குது. எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்துல விடுது. பெல்ட்டுக்கு அடியில லைட்டைப் போடுது. மிஷினுக்கு எதுக்கு லைட்டு? ஏழு நிமிஷம் கழிச்சு பெல்ட்டை ஓட்டிட்டு, அப்புறமா ரெண்டு தடவ ஹார்ன் அடிக்குது. ஊர் உலகத்துல எல்லாரும் ஹார்ன் அடிச்சிட்டுத்தான் பெல்ட்டை ஓட்டுவாங்க. இது ஓட்டிட்டு அடிக்குது. பேய் புடிச்சிருக்கா இதுக்கு?"

"பேய் இல்ல சார், பழக்கம்," என்றாள் மாப்பிள்ளையைக் கூட்டிவந்த எஞ்சினீயர். சாப்பிடும்போதுகூட மடியை விட்டு லேப்டாப்பை இறக்காததால் அவளுக்கு லேப்டாப் என்றே பெயர். "ஆறு மாசம் இது எதையும் தொடாம, போர்டை மட்டும் பாத்துட்டு இருந்தது. எந்த ஸ்விட்ச்சை எத்தனை மணிக்குத் தட்டினாங்க, எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினாங்க, எல்லாம் பதிவாயிருக்கு. பாத்ததைத்தான் இப்ப செய்யுது. ரெண்டு நாப்பது விஷயம் சார் கத்துக் கொடுத்தது."

இருவரும் போர்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஷூ நுனியை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்.

"அன்னிக்கு கேமரா வச்சிருந்தா இந்தக் குழப்பமே இல்ல," என்றாள் லேப்டாப்.

"கேமரா வேணாம்னு சண்டை போட்டதே அண்ணன்தான்," என்றார் மேனேஜர். "என் கையை நம்பாத இடத்துல உக்கார மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

பிடிவாதத்துக்கு வேறு காரணம் இருந்தது. அதை உலகத்தில் தன்னைத் தவிர யாரும் அறியார் என்று போர்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிட்டு வந்து அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால், இரண்டேகாலுக்கு அவருக்குக் கண் சொருகிவிடும். பெல்ட்டின் ஒரே சீரான சத்தம் தாலாட்டு மாதிரி ஆளை அமுக்கிவிடும். அப்புறம் வெளியே முற்றத்தில் ஏதோ லாரி ஹார்ன் அடிக்கும், கண் விழிப்பார். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். மூன்று மணிக்கு மேனேஜர் ரவுண்டு வரும்போது, இவர் நிமிர்ந்து உட்கார்ந்து எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் பெரிய வில்லங்கம், அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்த பலகை. 'போர்டில் தூக்கம், வேலையில் நீக்கம்.' எழுதி மாட்டியவரும் அவரே. மாட்டியதோடு நிற்காமல், ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒருவரைப் பிடித்தும் கொடுத்தார். பிடிபட்டது வேறு யாருமில்லை, அவர் மனைவியின் சொந்தத் தம்பி. அன்று வேலை இழந்த மைத்துனர் அதன் பிறகு இவர் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. மனைவி அதை இன்றுவரை நாளுக்கு ஒரு முறையாவது சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

ஓய்வுபெற இன்னும் எட்டே மாதம். இப்போது விஷயம் வெளியே வந்தால், ஆலையிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை. அவருக்கு நிலைமை தெளிவாகப் புரிந்தது. தூக்கத்தில் தன் முழங்கை போர்டில் சாய்ந்திருக்கிறது. ஸ்விட்ச்சுகள் தட்டுப்பட்டிருக்கின்றன. அந்தக் கறுப்புப் பெட்டி அதையும் பாடமாகப் படித்து வைத்திருக்கிறது.

கீழே, நின்ற பெல்ட்டின் ஓரத்தில், ஆலையைக் கூட்டும் கிளீனிங் அம்மா துடைப்பத்தோடு தன் போக்கில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஏழு நிமிடம் கழித்து பெல்ட் ஓடியது. ஹார்ன் இரண்டு முறை அடித்தது. போர்டுக்காரர் நாற்காலியில் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்.

*

மறுநாள் அவர் ஒரு முடிவோடு வந்தார். கெட்ட பழக்கத்தைக் கொடுத்தது நாம் என்றால், அதை மறக்கடிக்கவும் நாம்தான் வேண்டும்.

மேனேஜரும் லேப்டாப்பும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, இரண்டு முப்பத்தொன்பதுக்கு மாப்பிள்ளையை ஒதுக்கிவிட்டு போர்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு நாற்பது வந்தது. பெல்ட் நிற்கவில்லை. இரண்டு ஐம்பதுக்கு மறுபடி மாப்பிள்ளையிடமே ஒப்படைத்தார். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பெட்டி திருந்திவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று ஐம்பதுக்கு, கீழ்த்தளத்தில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சாய்ந்தது. அடுத்த நிமிடம் சோப்புத்தூள் வெள்ளைச் சுவர் போலச் சரிந்து, ஆலைத் தரையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது.

மேனேஜர் ஓடி வந்தபோது அவருடைய மீசை வெளுத்திருந்தது.

"ரோலர்ல தூள் கட்டி புடிச்சு அடைச்சிருச்சு," என்று மூச்சு வாங்கினார். "ஆறு மாசமா ஒரு அடைப்பு கெடையாது. இன்னிக்கு மட்டும் என்ன வந்தது?"

"இன்னைக்கு பெல்ட் நிக்கவே இல்லீங்களே," என்றார் வாசலில் துடைப்பத்தோடு நின்ற கிளீனிங் அம்மா.

"ஏம்மா, நீ வேற நேரம் தெரியாம. போய் மொதல்ல அந்தத் தூளை அள்ளு."

ஆனால் மேனேஜர் பின்னாலேயே வந்து பதிவைப் புரட்டிக்கொண்டிருந்த லேப்டாப்பின் விரல் நின்றுவிட்டது. அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"சார், இதே பெல்ட்டும் இதே பெட்டியும் நம்மளோட மத்த நாலு ஆலையிலயும் இருக்கு. அங்கெல்லாம் வாரத்துக்கு ரெண்டு அடைப்பு. இங்க மட்டும் இல்ல. அந்த ஏழு நிமிஷம் நிக்காத ஒரே நாள் இன்னிக்குத்தான், இன்னிக்கே அடைச்சிருக்கு." அவள் பார்வை போர்டுக்காரர் மேல் வந்து நின்றது. அதில் சாமியைப் பார்ப்பது போன்ற பக்தி இருந்தது. "இத்தனை நாள் இதை நீங்க வெளிய சொல்லவே இல்லையே சார்."

போர்டுக்காரர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தலைக்கு மேலிருந்த பலகை ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"அடக்கம்," என்றார் மேனேஜர், நெகிழ்ந்துபோய்.

லேப்டாப் நோட்டை எடுத்துக்கொண்டாள். "பெல்ட்டை நிறுத்துறது எதுக்கு சார்?"

"மனுஷன் மாதிரிதாம்மா. சாப்பாட்டு நேரம் தாண்டினா அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்."

"ஃபேன்?"

"ஓய்வுன்னா காத்து வேணாமா?"

"லைட்டு?"

"லேசா ஒரு கதகதப்பு. தூள்ல ஈரம் போகும்."

"பெல்ட் ஓடின பிறகு ஹார்ன் அடிக்கிறீங்களே, ரெண்டு தடவ?"

போர்டுக்காரர் நாற்காலியை அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்தினார். "அது அனுபவம்," என்றார்.

அவள் 'அனுபவம்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, பக்கத்தில் 'ஒலி அதிர்வு. ரோலரில் ஒட்டிய தூள் உதிர்கிறது' என்று தானே ஒரு விளக்கமும் சேர்த்துக்கொண்டாள். போர்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

அன்று மாலைக்குள் விஷயம் டைரக்டர் காதுக்குப் போய்விட்டது. டைரக்டரோ எதையும் ஆறப்போடாதவர். ஐந்து ஆலைகளிலும் நாளை மறுநாளிலிருந்து இரண்டு நாற்பதுக்கு பெல்ட் நிற்க வேண்டும், கடைசியில் ஹார்ன் இரண்டு முறை ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதே நாள் இங்கே நேரில் வருவதாகவும் சொன்னார்.

"வந்து என்ன பண்ணப் போறாரு?" என்று கேட்டார் போர்டுக்காரர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மாப்பிள்ளையை நிறுத்தி வச்சிட்டு, நீங்க உங்க கையால செஞ்சு காட்டணுமாம்," என்றார் மேனேஜர். "ரிட்டயர்மென்ட்டெல்லாம் மறந்துடுங்கண்ணே. ஆலைக்கு மூணு மாசம்னு போய் உக்காந்து, நாலு மாப்பிள்ளைக்கும் நீங்கதான் பாடம் எடுக்கப் போறீங்களாம்."

"லிஸ்ட்தான் இருக்கே. அதைப் பாத்து யாரு வேணாலும் செய்யலாமே."

"அங்கதான் சார் எனக்கு இடிக்குது," என்றாள் லேப்டாப். "பதிவுல ஒவ்வொரு நாளும் நேரம் ஒரே மாதிரி இல்ல. ஒரு நாள் அஞ்சு நிமிஷம், ஒரு நாள் ஒம்பது. மாப்பிள்ளைக்குக் காரணம் புரியல, சராசரியா ஏழுன்னு எடுத்துக்கிச்சு. ஆனா நீங்க எதையோ பாத்துத்தான் முடிவு பண்ணியிருக்கீங்க. எதைப் பாக்கிறீங்க? அதை நாங்க பாக்கணும்."

*

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். போர்டுக்காரர் அருகே போய் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துத் தப்பாக மடித்தார்.

"நான் தூக்கத்துல கையைக் கிய்யை ஆட்டுவேனா?"

"ஆட்டுறதா? போன மாசம் எழுந்து போய், அலமாரியைத் திறந்து, என் தலையணையை உள்ள வச்சு, பூட்டி, சாவியை எடுத்துட்டு வந்து படுத்தீங்க. காலையில கேட்டா என்னையே திட்டினீங்க."

போர்டுக்காரருக்குத் திக்கென்றது. "சாவியை எங்க வச்சேன்?"

"ஆணியில மாட்டியிருந்தீங்க. முழிச்சிருக்கும்போது ஒரு நாளாவது அங்க மாட்டியிருக்கீங்களா?"

அவர் துண்டைக் கீழே வைத்தார். அப்படியானால் அது முழங்கை இல்லை. கையேதான். தூங்கிக்கொண்டே எழுந்து, அல்லது உட்கார்ந்தபடியே, ஒழுங்காக, வரிசையாக, ஐந்து நிமிடமா ஒன்பது நிமிடமா என்று பதம் பார்த்து ஆலையை ஓட்டியிருக்கிறார். முப்பத்தோரு வருடம் விழித்திருந்து செய்த வேலைக்கு ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்ததற்கு ஐந்து ஆலை அடங்கிப்போய் நிற்கிறது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

"என் தம்பி பாவம், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடினான்," என்று மனைவி ஆரம்பித்தார். போர்டுக்காரர் எழுந்து போய் வாசல் குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

*

செய்து காட்ட வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. டைரக்டர் முன்னிலையில் தூங்கியாக வேண்டும்.

டைரக்டர் வரும் நாளன்று மதியம் அவர் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். அது போதாது என்று இருமல் மருந்திலும் இரண்டு மூடி குடித்தார். பாட்டிலில், 'இதைக் குடித்த பின் இயந்திரங்களை இயக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் இதுவே தகுந்த மருந்து என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டரைக்கு டைரக்டர் வந்தார். கூடவே கோட்டுப் போட்ட இரண்டு பேர். மேனேஜர் மாப்பிள்ளையை நிறுத்தி வைத்தார். போர்டு முழுக்கப் போர்டுக்காரர் கைக்கு வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்து மடியில் வைத்து, கண்ணை மூடினார்.

"என்ன, கண்ணை மூடிட்டாரு?" என்று கிசுகிசுத்தார் டைரக்டர்.

"காதால கேக்குறாரு சார்," என்றாள் லேப்டாப், எழுதிக்கொண்டே.

தூக்கம் வந்தால்தானே. முப்பத்தோரு வருடம் கூப்பிடாமல் வந்த தூக்கம், இன்று கெஞ்சியும் வரவில்லை. நெஞ்சு பம்ப்செட் மாதிரி அடித்தது. மூடிய கண்ணுக்குள் மைத்துனர் வந்து நின்று சிரித்தார். தூக்கம் வர ஆடுகளை எண்ணுவார்களாம், போர்டுக்காரர் கம்பெனி விதிகளை எண்ணினார். பன்னிரண்டாவது விதி தூக்கத்தைப் பற்றியது என்பதால் அங்கேயே நின்றுவிட்டார்.

சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பதைத் தாண்டியது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. கீழே ரோலரில் மெல்லக் கரகரப்பு ஆரம்பித்தது.

அப்போது, டக்.

பெல்ட்டின் சத்தம் தேய்ந்து நின்றது. டக். டிரையரின் உறுமல் தணிந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஊவென்று கிளம்பியது. இன்னொரு டக், அது விளக்கு.

போர்டுக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை வேலை செய்கிறது. அவர் விழித்திருப்பதுகூடத் தெரியாமல் கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. மூக்கு அரித்தது. சொறியலாம் என்று நினைத்தபோதுதான், தன் இரண்டு கைகளும் விரல் கோத்தபடி மடியிலேயே கிடப்பது அவருக்கு உறைத்தது.

ஒற்றைக் கண்ணை மட்டும் லேசாகத் திறந்தார். மூக்குக்கு நேராக ஒரு துடைப்பக் கட்டை இருந்தது.

கிளீனிங் அம்மா துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் தோளுக்கு மேலே எட்டி, டிரையர் குமிழை இன்னும் ஒரு பிடி இறக்கினார். "கொஞ்சம் தள்ளிக்குங்க," என்று கோட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. அந்தம்மா பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் சிந்திய தூளைக் கூட்டினார். ரோலரில் ஒட்டியிருந்த கட்டியைத் துடைப்பக் கட்டையால் தட்டி உதிர்த்தார். எக்ஸாஸ்ட் ஃபேன் தூசியை அவர் முகத்தில் படாமல் இழுத்துக்கொண்டது. மேலே வந்து, ஒவ்வொரு குமிழையும் பழையபடி திருப்பி, பெல்ட்டை ஓட்டிவிட்டார். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. லேப்டாப்பின் பேனா நோட்டின் மேல் அந்தரத்தில் நின்றது.

"ஏம்மா," என்றார் டைரக்டர். "இது தினமும் நீதான் செய்வியா?"

"இந்தப் பெட்டி ஓட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் நான்தாங்க. பெல்ட் ஓடும்போது அடியில குனிஞ்சு கூட்ட முடியாதே. இப்ப சார் பெட்டிகிட்ட சொல்லி வச்சிட்டாரு போல, எனக்காக அதுவே நின்னுக்குது. முந்தாநாள் நிக்காதப்ப நான் சும்மா இருந்து அடைச்சிருச்சு, இன்னைக்கும் நிக்கல, அதான் மேல வந்தேன்."

"அஞ்சு நிமிஷம், ஒம்பது நிமிஷம்னு மாறுதே?" என்றாள் லேப்டாப் பலவீனமாக.

"தூள் எவ்வளவு கொட்டியிருக்கோ, அவ்வளவு நேரம்தான்மா."

"போர்டைத் தொட உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று மேனேஜர் கத்தப்போனார்.

போர்டுக்காரர் இரண்டு கண்ணையும் திறந்தார். ஆண்டவன் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. "நான்தான்," என்றார் கம்பீரமாக. "நான்தான் பழக்கினேன். போர்டை விட்டு நான் எழுந்துக்கக் கூடாது பாருங்க. நான் மேல இருந்து கவனிப்பேன், அவங்க கீழ செய்வாங்க."

கிளீனிங் அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். நல்ல மனுஷி. "ஆமாங்க," என்றார்.

டைரக்டர் முகம் மலர்ந்தது. நாற்காலிக்கு வந்து போர்டுக்காரர் தோளைத் தட்டினார். "இதுதாங்க அனுபவம்ங்கிறது. எந்த மிஷினுக்கு வரும் இது? இந்தம்மாவையும் கூட்டிக்கிட்டு மத்த நாலு ஆலைக்கும் போங்க." போர்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைக்கு மேலிருந்த பலகையைக்கூட நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

கிளீனிங் அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். லேப்டாப் நோட்டைப் புரட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். கடைசியில ரெண்டு ஹார்ன் இருக்கே, அதை மட்டும் விட்டுட்டீங்க. மத்த நாலு ஆலையிலயும் இப்பதான் அடிச்சிருப்பாங்க. நீங்க ஏன் அடிக்கல?"

கிளீனிங் அம்மா திரும்பி, போர்டுக்காரரைப் பார்த்து வாஞ்சையோடு சிரித்தார்.

"அதான் இன்னைக்கு சார் அவராவே முழிச்சிட்டாரே, அப்புறம் எதுக்கும்மா ஹார்ன்?"